விட்ட மீன், வந்த மீன்

அந்த ஏரியில் மீன்கள் இரண்டு வகை. குத்தகைக்காரர் மழைக்குப் பிறகு பிளாஸ்டிக் பைகளில் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை விட்ட மீன்: கட்லா, ரோகு, மிர்கால். யாரும் விடாமல் சேற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தானாக வந்து சேர்ந்தவை வந்த மீன்: விரால், கெளுத்தி, கெண்டை. விட்ட மீன் குத்தகைக்காரருடையது. வந்த மீன், கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவருடையது. ஜிலேபி மீன் எந்தப் பக்கம் என்பதில் நெடுநாள் தகராறு இருந்தது. கடைசியில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று இரு தரப்பும் விட்டுவிட்டன. ஜிலேபியை யார் பிடித்தாலும் யாரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில், ரயில் பாதைக்கு மேற்கே, பொழிச்சலூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஏரி அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதன் பாசன நிலம் முழுக்க மனைகளாகி, எல்லைக் கற்களுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். அந்த மனைகளில் ஒன்றில்தான் நான் வீடு கட்டியிருந்தேன். நிலத்தை விற்றது குத்தகைக்காரரின் குடும்பம். நெல் பயிரிட்டவர்கள், மனை விற்றார்கள், பிறகு அதே ஏரியில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தார்கள்.

கரையில் சட்டம் நடந்த விதம் எளிமையானது. விட்ட மீன் மாவுக்கும் புண்ணாக்குக்கும் வரும். வந்த மீன் புழுவுக்கு வரும். ஆகவே புழுவுக்கு அனுமதி, மாவுக்குத் தடை. காவல்காரர் ஒருவர் இருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், ஒரு சைக்கிள். காலையில் ஒரு தடவை, மதியம் தூங்கி எழுந்தபின் ஒரு தடவை கரையைச் சுற்றி வருவார். ஒவ்வொருவரிடமும் நின்று இரை டப்பாவைத் திறக்கச் சொல்வார். பிறகு கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பார்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன்.

"இன்னா சார், புழுவ மேல வச்சிட்டு அடில மாவா? கை பூரா மைதா வாட அடிக்குது."

டப்பாவில் புழுவும் மண்ணும் தவிர ஒன்றுமில்லை. கவிழ்த்தே காட்டினேன். ஆனால் கையில் மைதா வாடை இருந்தது உண்மை. நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதை வெட்டி, தாளில் ஒட்டி, தலைப்புப் போட்டு அனுப்புவது வேலை. ஒட்டுகிற பசை மைதாவில் காய்ச்சியது. முந்தின நாள் வேலையின் பசை நகக்கண்ணில் இருந்திருக்கிறது. இதைச் சொன்னேன்.

"பேப்பர் ஆபீஸ்ல எதுக்கு சார் மாவு? போண்டா போடறீங்களா?"

பக்கத்தில் மதகுப் படியில் உட்கார்ந்திருந்த பெண்மணி தன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். "எங்க கம்பெனிலயும்தான் நாள் பூரா ஒட்டறோம். இந்தா, இத்த மோந்து பாரு. இதுல இன்னா மீனு வருதுன்னு சொல்லு."

காவல்காரர் குனிந்து மோந்தார். தும்மினார். தோல் ஒட்டும் சொல்யூஷன். அதற்குப் பிறகு எங்கள் இருவர் கையையும் அவர் மோந்து பார்ப்பதில்லை. டப்பாவோடு சரி.

அந்தப் பெண்மணியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஏரிக்கரை ஊர்க்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பம்மல் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் செருப்பின் மேல்பாகம் ஒட்டும் வேலை, இரண்டாவது ஷிப்டு, இரண்டு மணிக்கு. காலை எட்டு மணிக்கு மதகுப் படிக்கு வருவார். ஒரு மணிக்கு எழுந்துவிடுவார். எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நாளில் எனக்கு வேலை கிடையாது என்பதால், உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. மதகிலிருந்து பத்தடி தள்ளி, சரிந்த பனை ஒன்றின் கீழ் எனக்கு இடம் அமைந்தது.

நான் மீன் பிடிப்பதில் தேர்ந்தவனல்ல. மூங்கில் கழி, நைலான் நரம்பு, பழைய ரப்பர் செருப்பை வெட்டிய தக்கை, ஒரு முள். தக்கை முங்கினால் சுண்ட வேண்டும் என்று தெரியும். எப்போது என்று தெரியாது. ஒன்று முந்திவிடுவேன், அல்லது மீன் புழுவைத் தின்று ஏப்பம் விட்டபின் இழுப்பேன். பல செவ்வாய்க்கிழமைகள் வெறும் கையோடு வீட்டுக்குப் போனேன். அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே சக்கரத்தை விரித்துக்கொண்டு போகும். அவற்றின் நிழல் ஏரியைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு நொடி கறுத்து, திரும்ப வெளுக்கும். நாள் முழுக்க யாரும் என்னிடம் எதையும் சுருக்கித் தரச் சொல்லவில்லை.

அக்கா ஏன் வருகிறார் என்று ஒருநாள் கேட்டேன். குழம்புக்கு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"வூட்ல குந்துனா எவனாவது ஒரு வேல சொல்வான் சார். கம்பெனில குந்தவே வுட மாட்டான், நின்னுகினேதான் ஒட்டணும். இங்கதான் நான் குந்தறது."

நான் சொல்லப்போகிற செவ்வாய்க்கிழமையன்று பறிபோக இருந்தது இதுதான்.

மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்த தை மாதம். கரையில் அன்று நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்பதரை மணி வாக்கில் அக்காவின் தக்கை ஒரே வீச்சில் உள்ளே போனது. கழி வில்லாக வளைந்தது. அவர் எழுந்து, இரண்டு படி இறங்கி, நிதானமாகக் கரைக்கு இழுத்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு மிர்கால். விட்ட மீன், புழுவுக்கு வந்திருந்தது. எப்போதாவது இப்படி நடக்கும். வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அடித்ததும் விட்டார். வழக்கம் அது.

அவர் நிமிர்ந்தபோது கரைமேல் குத்தகைக்காரர் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, புது மோட்டார் சைக்கிள். பின்னால் ஒரு தகரப் பலகை கயிற்றால் கட்டியிருந்தது. ஈரம் காயாத சிவப்புப் பெயின்டில், தூண்டில் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. ஆக, மிர்காலைப் பார்ப்பதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார். மிர்கால் அவருக்குச் சாட்சியாக வாய்த்தது.

"பாத்தியா அக்கா? புழுவுக்கும் மாட்டுது. போன தடவ வல இழுத்தப்ப பாதி மீனு இல்ல. எங்க போச்சின்னு இப்பத்தான் தெரியுது."

"மாட்டிச்சி, வுட்டுட்டேன். பாத்துகினுதான இருந்த?"

"நான் பாத்தேன், வுட்ட. நான் பாக்காதப்ப?"

அக்கா முள்ளில் புதுப் புழு கோத்தார். "தம்பி, உன் மீனு என் புழுவத் துன்னுட்டுப் போச்சி. அதுக்கு நான் உன் வூட்டாண்ட வந்து நாயம் கேட்டனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குத்தகைக்காரருக்கு வரவில்லை. காவல்காரரை விசிலடித்துக் கூப்பிட்டார். விசில் காவல்காரர் கழுத்தில் இருந்ததால் வாயாலேயே அடித்தார். காவல்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். பலகையை நான் உட்கார்ந்திருந்த சரிந்த பனையில் அடித்தார்கள். என் தலைக்கு இரண்டடி மேலே.

"இன்னியோட தூண்டில் கெடையாது. எழுந்துக்குங்க," என்றார் குத்தகைக்காரர்.

ஏரி நடுவில் ஒரு கழியின்மேல் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. அக்கா அதைக் காட்டினார். "அது காலைலேர்ந்து ஆறு மீனு துன்னுச்சி. அதுக்கும் ஒரு போர்டு எழுதி அந்தக் கழில மாட்டு. படிச்சிட்டு எழுந்து போவட்டும்."

"அக்கா, ஊர்க்காரின்னு மரியாத வச்சிப் பேசறேன்."

"நானும் அதுக்குத்தான் குந்திகினே பேசறேன். எழுந்தேன்னா வேற மாரி பேசுவேன்."

குத்தகைக்காரர் காவல்காரரைப் பார்த்துக் கண்ணால் சொன்னார். காவல்காரர் தயங்கினார். பிறகு படியிறங்கி, அக்காவின் கையிலிருந்த கழியை வாங்கினார். பிடுங்கினார் என்று எழுத முடியாது, அக்கா கொடுத்துவிட்டார். காவல்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அதை முழங்காலில் வைத்து ஒடித்தார். நல்ல மூங்கில். ஒரே தடவையில் ஒடியவில்லை. மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். குத்தகைக்காரர் அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தினார். "சாருது வேணாம்பா. சார், நீங்களே சுருட்டிக்குங்க. நம்ம மனைல வூடு கட்டனவரு நீங்க. உங்களுக்குச் சொல்லணுமா?"

ஒடிப்பது ஒருவருக்கு, வேண்டுகோள் இன்னொருவருக்கு. இரண்டு கழியும் ஒரே மூங்கில் கடையில் வாங்கியவை.

"அவங்களோடத ஒடிச்சீங்க. இதையும் ஒடிச்சிட்டுப் போங்க," என்று கழியை நீட்டினேன். நரம்பு தண்ணீரில்தான் இருந்தது.

"இன்னா சார் நீங்க. படிச்சவரு. பேப்பர்ல கீறீங்க. இத்த வேற பேப்பர்ல போட்டுடுவீங்களா?"

நான் செய்தி எழுதுகிறவன் இல்லை, பிறர் எழுதுவதை வெட்டுகிறவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "பேப்பர்ல ஒண்ணும் போட வேணாம் சார். நீங்க குந்துங்க. அது போதும்."

உட்கார்ந்தேன். காவல்காரர் என் கழியை வாங்கவில்லை. வாங்கச் சொல்லி குத்தகைக்காரரும் சொல்லவில்லை.

அக்கா ஒடிந்த கழியின் நுனியிலிருந்து நரம்பை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். அவசரமே இல்லை. தக்கையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். புடவை முந்தானையின் முடிச்சிலிருந்து இரும்பு நட்டு ஒன்றை எடுத்தார். திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலைக்குப் போகும் அவர் கணவரின் சட்டைப் பையில் கிடந்ததாம். அதை முள்ளுக்கு ஒரு சாண் மேலே கட்டினார். ஒடிந்த மூங்கில் துண்டொன்றில் மிச்ச நரம்பைச் சுற்றினார். எழுந்து நின்று, நட்டைத் தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வீசினார். கழியால் எட்டாத தூரத்தில், அல்லிக்கொடிக்கு அந்தப் பக்கம், பொளக்கென்று விழுந்தது. நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கழி போனா இன்னா. முன்னவிட நல்லா போவுது."

குத்தகைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. "ஒரு மணிக்கு ஷிப்டுக்கு எழுந்துதான ஆவணும். நான் வெயிட் பண்றேன்," என்றார். மோட்டார் சைக்கிளை நிழலில் நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்தார். காவல்காரர் நின்றார்.

"அவர ஏன் நிக்க வச்சிகினு கீற? அவரு பன்னண்டு மணிக்குத் தூங்கற நேரத்துல இந்த ஏரிய யாரு பாத்துக்கறதுன்னு கேளு. வல எடுத்துகினு வந்த பசங்கள யாரு தொரத்துனதுன்னு கேளு," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"தூங்கறியாயா?" என்று குத்தகைக்காரர் காவல்காரரைக் கேட்டார்.

"கண்ண மூடிகினு கேட்டுகினு இருப்பேன் மொதலாளி."

பத்தரை ஆனது, பதினொன்றானது. நான் வாழ்க்கையில் அனுபவித்த மிக அமைதியான காலைகளில் ஒன்று அது என்று சொன்னால் நம்புவது கடினம். நாலு பேர் ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டான்கள் என் தக்கைமேல் வந்து உட்கார்ந்தன, எழுந்தன. விமானங்கள் வந்தன. அக்கா தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு தின்றார், வலது கையால். நரம்பு இடது கையில். மூடியில் கொஞ்சம் வைத்து என்னிடம் நீட்டினார். பிறகு, சற்று யோசித்து, காவல்காரருக்கும் ஒரு கை வைத்துக் கொடுத்தார். அவர் குத்தகைக்காரரைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாங்கித் தின்றார். குத்தகைக்காரரை யாரும் கேட்கவில்லை.

ஒரு மீனும் மாட்டவில்லை. மாட்டாதது நல்லது என்று எனக்குப் பட்டது. பிடித்துக்கொண்டிருப்பவரை விரட்ட ஒரு காரணம் சொல்லலாம். சும்மா உட்கார்ந்திருப்பவரை விரட்டுவதற்கு என்ன சொல்வது?

பம்மல் பக்கமிருந்து ஒரு மணிச் சங்கு கேட்டது. அக்கா எழுந்தார். குத்தகைக்காரரும் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

அக்கா என்னிடம் வந்து, சுற்றிய மூங்கில் துண்டையும் நரம்பையும் நீட்டினார். "சார், இத்தக் கொஞ்சம் புடிச்சிகினு இருங்க. நான் ஷிப்டு போயிட்டு வந்துடறேன்." கழிவறைக்குப் போய்வருகிறவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் பையைக் கொடுப்பதுபோலச் சொன்னார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பலகையின் கீழே குனிந்து, தூக்குவாளியோடு கரையேறிப் போனார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நரம்பு தண்ணீரில் இருந்தது. அதன் மறுமுனை என் விரலில் இருந்தது. இடம் காலியாகவில்லை.

"சார்," என்றார் குத்தகைக்காரர்.

"ஷிப்டு முடியறவரைக்கும் இருக்கச் சொல்லியிருக்காங்க," என்றேன்.

"ராத்திரி பத்து மணிக்கு சார் முடியும்!"

"எனக்கு இன்னைக்கு லீவுதான்."

என் கழியைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டு, மதகுப் படியில், அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். குத்தகைக்காரர் எனக்கு இரண்டு படி மேலே வந்து நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்போது என் விரலில் நரம்பு துடித்தது. தக்கை இருந்தால் எனக்குப் பார்க்கத் தெரியும். விரலில் படுவதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. சும்மா இருந்தேன்.

"சார், தட்டுது," என்றார் குத்தகைக்காரர்.

நான் ஒன்றும் செய்யவில்லை.

"இருங்க, இருங்க. இப்ப வேணாம். முழுங்கட்டும்." குரல் தாழ்ந்திருந்தது. நரம்பு மெல்ல இடது பக்கம் நகர ஆரம்பித்தது. "போவுது… போவுது… சுண்டுங்க சார்! சுண்டுங்க! அய்யோ, சுண்டுய்யா!"

சுண்டினேன். பாறையில் மாட்டியதுபோல இருந்தது. நரம்பு விரலை அறுத்தது. அவர் புதுச் செருப்போடு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி, எனக்கு முன்னால் நரம்பைப் பிடித்தார். "வுடாதீங்க. அல்லிக்குள்ள பூந்தா போச்சி. இப்பிடி, இப்பிடி." காவல்காரர் கரைமேல் நின்று விசில் அடித்தார், எதற்கென்று தெரியவில்லை. இரண்டு பேரும் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தோம். படியில் வந்து புரண்டபோது கறுப்பும் மஞ்சளுமாக, என் முன்கைப் பருமனில் ஒரு விரால்.

குத்தகைக்காரர் அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"விராலு சார்!" என்றார். "வந்த மீனு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மீனைப் பார்த்தார். பனையில் இருந்த பலகையைப் பார்த்தார். காவல்காரர் வேறு எங்கோ பார்த்தார். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் நேரமானது, ஆனால் கொடுத்தார். கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றித் தண்ணீரை ஊற்றி, மாட்டிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் முதல் உதையில் கிளம்பவில்லை.

நான் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். விராலுக்கு உயிர் கெட்டி. வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டு மூடிமேல் கல் வைத்தேன். மறுநாள் காலை அக்காவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவனா இழுத்தான்?"

"பாதி."

"அப்ப ஒரு துண்டு அவனுக்குக் குடுக்கணுமா?"

"கேட்டா குடுங்க."

"கேக்க மாட்டான்," என்றார். "கேட்டா போர்ட எடுக்கணும் இல்ல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை பலகை அதே இடத்தில் இருந்தது. பெயின்ட் காய்ந்திருந்தது. அதன் கீழே நான், மதகுப் படியில் அக்கா, புது மூங்கிலோடு. எங்களோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், விஷயம் பரவியிருந்தது. ஒன்பது மணிக்குக் காவல்காரரின் சைக்கிள் கரைமேல் வந்தது. யாரும் எழவில்லை. யாரும் கழியைத் தூக்கவில்லை. அவர் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, நேராக மதகுக்கு வந்து அக்காவின் முன்னால் நின்றார். பலகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நான் மனதில் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"டப்பாவத் தொற," என்றார்.

அத்தனை நாளும் எனக்கு எரிச்சல் மூட்டிய வார்த்தை அது. இரையைக் காட்டச் சொல்கிறவர் தூண்டில் போடக் கூடாது என்று சொல்லவில்லை. அக்கா டப்பாவைத் திறந்து, அவர் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் நீட்டினார்.

"நல்லா பாத்துக்க. எண்ணிக்கூடப் பாரு."

அவர் பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார். பிறகு பத்தடி நடந்து என்னிடம் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் திறந்து வைத்திருந்தேன்.